சயாமுக்குப் போனவர்கள்

டோக்கியோவில் யசுகுனி ஆலயத்தை ஒட்டி யூஷூகான் என்ற போர் அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் முன்கூடத்தில் ஒரு கறுப்பு நீராவி எஞ்சின் நிற்கிறது. எண் சி5631. 1936இல் ஜப்பானில் கட்டப்பட்டது. போருக்காகத் தென்கிழக்காசியாவுக்குக் கப்பலேறிய 90 எஞ்சின்களில் ஒன்று. சயாம் என்று அன்று சொன்ன தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்த சயாம்–பர்மா ரயில்பாதையின் திறப்பு விழாவில், 1943 அக்டோபரில், ஓடியது இதுதான். போர் முடிந்து பல ஆண்டுகள் தாய்லாந்து ரயில்வேயில் உழைத்து ஓய்ந்த பிறகு, 1979இல் அதை ஜப்பானுக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். துடைத்து, வண்ணம் பூசி, அதன் வரலாற்றை எழுதிப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

அந்த எஞ்சின் பிறந்த ஆண்டு தெரியும், ஓடிய பாதை தெரியும், ஓய்வுபெற்ற கதையும் தெரியும். அது ஓடுவதற்காக 415 கிலோமீட்டர் காட்டை வெட்டி, கூடை கூடையாக மண் கொட்டி, கட்டை அடுக்கிய மனிதர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒரு பெயர்ப்பட்டியல்கூட இல்லை. மலாயாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 75,000 பேர் போனார்கள். அவர்களில் பெரும்பான்மையோர் ரப்பர் தோட்டங்களில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த தமிழர்கள். மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் அவர்களைப் பற்றி இன்றும் ஒரே வரியில்தான் பேச்சு வரும்: “தாத்தா சயாமுக்குப் போனவர், திரும்பி வரல.”

*

1941 டிசம்பர் 8இல் மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரைப் பிடித்தது. மார்ச்சில் ரங்கூனும் வீழ்ந்தது. பர்மாவில் இருக்கும் படைக்கு அரிசியும் குண்டும் அனுப்ப அப்போது இருந்த ஒரே பெருவழி, மலாக்கா நீரிணை வழியாகச் சுற்றிப்போகும் கடல்தான். ஜூன் மாதம் மிட்வே சண்டையில் ஜப்பானியக் கடற்படை நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்ததும் அந்தக் கடல் பாதுகாப்பற்றதாகிவிட்டது. நிலவழி தேவைப்பட்டது. பேங்காக்கிலிருந்து தெற்கே வரும் ரயில்பாதையில் பான் போங் அருகே உள்ள நோங் பிளாடுக் ஒரு முனை. பர்மாவில் தன்பியூசயாத் மறு முனை. நடுவே மலை, ஆறு, மூன்று பகோடா கணவாய், மலேரியாக் காடு. ஆங்கிலேயர் முன்பே அளந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கிய வழி அது.

1942இன் நடுவில் இரண்டு முனையிலிருந்தும் வேலை தொடங்கியது. மேற்பார்வைக்கு ஜப்பானிய ரயில்வே படைப்பிரிவுகள் இரண்டு. உடலுழைப்புக்கு, சிங்கப்பூரிலும் ஜாவாவிலும் சரணடைந்த ஆங்கிலேய, ஆஸ்திரேலிய, டச்சுக் கைதிகள் 60,000க்கு மேல். அவர்களும் போதவில்லை. பர்மியரையும் ஜாவா மக்களையும் மலாயாத் தமிழரையும் சேர்த்தால், ஆசியத் தொழிலாளர் எண்ணிக்கை கைதிகளைப்போல இரண்டு மடங்கைத் தாண்டியது.

தண்டவாளம்கூட மலாயாவிலிருந்துதான் போனது. கிழக்குக் கரைப் பாதையைப் பெயர்த்து, கம்பிகளை வடக்கே ஏற்றினார்கள். மலாயாவில் ரயில்பாதை போட்ட கூலிகளில் தமிழர் ஏராளம். ஒரு தலைமுறை போட்ட பாதையைப் பிடுங்கி, அடுத்த தலைமுறையின் தோளில் ஏற்றினார்கள்.

*

தோட்டங்களில் அப்போது வேலை இல்லை. ரப்பரை வாங்கிய மேலைநாடுகள் இப்போது எதிரி நாடுகள். வெள்ளைத் துரைகள் ஓடிப்போனார்கள், அல்லது சிறைப்பட்டார்கள். பால் எடுத்து விற்க ஆளில்லாமல் மரங்கள் சும்மா நின்றன. அரிசி குறைந்து, லயத்துக்குப் பின்னால் மரவள்ளிக் கிழங்கு நட்டு உயிர்பிழைத்த காலம் அது. ஜப்பான் காலம் என்றாலே அந்தத் தலைமுறைக்கு முதலில் நினைவுக்கு வருவது மரவள்ளிதான்.

அந்த நேரத்தில் விளம்பரம் வந்தது. மூன்று மாத ஒப்பந்தம். நாளுக்கு ஒரு வெள்ளி கூலி. சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், போக்குவரத்துச் செலவும் அவர்களுடையது. பசியில் இருந்தவனுக்கு இது போதும். முதலில் போனவர்களில் விரும்பியே போனவர்களும் உண்டு. மனைவி பிள்ளைகளோடு போனவர்களும் உண்டு.

மூன்று மாதம் கழித்து ஒருவரும் திரும்பவில்லை. செய்தி மெல்லப் பரவியது. அதன்பிறகு விரும்பிப் போக ஆளில்லை, ஆள்பிடிப்பு தொடங்கியது. தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு வரும். கணக்கெழுதும் கிராணியும் ஆள் மேய்க்கும் கங்காணியும் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். சாலையில் நடந்துபோனவர்களை லாரியில் ஏற்றினார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி, கொட்டகைக் கதவைச் சாத்தி, உள்ளே இருந்தவர்களை அப்படியே ரயிலுக்குக் கொண்டுபோன கதையைத் தப்பிவந்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஒளியத் தெரிந்தவர்கள் ரப்பர் காட்டுக்குள் ஒளிந்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆண் என்று கேட்டபோது, குடும்பம் வைத்திருக்கும் அண்ணனுக்குப் பதிலாகத் தம்பி போனதுண்டு.

சரக்கு வண்டிப் பெட்டிகளில் அடைத்து, சில நாட்கள் பயணம். பான் போங்கில் இறக்கி, அங்கிருந்து நடை. மழைக்காலச் சேற்றில், காட்டுப் பாதையில், முகாம் முகாமாகக் கடந்து மேலே மேலே நடக்க வேண்டும். 100 கிலோமீட்டருக்கு அப்பாலும் முகாம்கள் இருந்தன. வேலை தொடங்கும் முன்பே வழியில் விழுந்தவர்கள் உண்டு.

*

வேலை என்னவென்று சொல்வது எளிது. மூங்கில் புதரையும் மரத்தையும் வெட்டி வழி திறக்க வேண்டும். மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். அதற்கு மண்வெட்டி, கூடை, இருவர் தூக்கும் மூங்கில் தடியில் கட்டிய சாக்கு. பாறையில் இரும்புத் தண்டை வைத்துச் சம்மட்டியால் அடித்துத் துளைபோட்டு வெடிவைக்க வேண்டும். காட்டுமரத்தைத் தறித்துப் பாலத்துக்குத் தூண் நட வேண்டும். கனத்த எடையைக் கயிற்றில் இழுத்து உயர்த்தி, விட்டு, மறுபடி இழுத்து, தூணை ஆற்றுப்படுகையில் இறக்க வேண்டும். பிறகு சிலிப்பர் கட்டை, அதன்மேல் தண்டவாளம். வழியில் 600க்கு மேற்பட்ட பாலங்கள். அவற்றில் பெரும்பாலானவை மரப்பாலங்கள். தாய்லாந்தின் காஞ்சனாபுரிக்கு அருகே தாமகானில் ஆற்றைக் கடக்கும் இரும்புப் பாலத்துக்கான வளைவுகள் ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவரப்பட்டவை.

1943 தொடக்கத்தில், வேலையை முடிக்க வேண்டிய நாளை டோக்கியோ முன்னுக்கு இழுத்தது. விடியுமுன் வெளியேறி, இருட்டிய பின் மூங்கில் தீப்பந்த வெளிச்சத்திலும் பாறை உடைத்தார்கள். நோயாளிகளையும் எழுப்பி வேலைக்கு ஓட்டினார்கள். அந்த நேரம் பார்த்து மழையும் வந்தது. மழையோடு காலராவும் வந்தது.

கைதிகளும் தோட்டத்து மக்களும் ஒரே ஆற்றில் தண்ணீர் எடுத்தார்கள், ஒரே அரிசியைச் சாப்பிட்டார்கள், ஒரே ஆளிடம் அடிவாங்கினார்கள். ஆனாலும் இரண்டு முகாம்களிலும் சாவு ஒரே அளவில் விழவில்லை. கைதிகள் ஒரு படையாக வந்தவர்கள். அவர்களோடு மருத்துவர்கள் இருந்தார்கள். ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் எட்வர்ட் டன்லப் போன்றவர்கள் மூங்கிலைச் சீவி மருத்துவக் கருவி செய்தார்கள். கொதிக்கவைக்காத தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது என்று அதிகாரிகள் கட்டளையிட்டால் அந்தக் கட்டளை நடந்தது. கழிவுக்குழி எங்கே தோண்டுவது, தட்டை எப்படிக் கொதிநீரில் முக்குவது என்பதற்கெல்லாம் ஒழுங்கு இருந்தது. காவலர்களிடம் எதிர்த்துப் பேசவும், நோயாளிக்காக வாதாடவும் ஓர் அதிகாரி இருந்தார். அதனால் அவர்கள் சாகாமல் இல்லை. கைதிகளில் ஏறத்தாழ 13,000 பேர் இறந்தார்கள்.

தோட்டத்து மக்களுக்கு இவற்றில் எதுவும் இல்லை. மருத்துவர் இல்லை. ஜப்பானிய மொழி தெரிந்தவர் அநேகமாக இல்லை. அவர்களுக்காகப் பேச ஒரு பதவிக்காரர் இல்லை. அத்தாப்புக் கூரை பாதி ஒழுகும் நீண்ட கொட்டகை, மூங்கில் பரண், அதில் நோயாளியும் நோயில்லாதவரும் பக்கத்தில் பக்கத்தில். வாந்திபேதி ஒரு கொட்டகைக்குள் புகுந்தால் சில நாட்களில் கொட்டகையே காலியானது. இருந்தவர்கள் பயந்து காட்டுக்குள் ஓடினார்கள். ஓடியவர்கள் வழியில் நோயைக் கொண்டுபோனார்கள், அல்லது காட்டிலேயே இறந்தார்கள். இறந்தவர்களைக் குழியில் தள்ளினார்கள், எரித்தார்கள், ஆற்றில் விட்டார்கள். நிலைமை கைமீறியதும் சிங்கப்பூரின் சாங்கி கைதி முகாமிலிருந்து கைதி மருத்துவக் குழுக்கள் இரண்டை ஆசியத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். மருந்து இல்லாத மருத்துவர்கள் போய்ப் பார்த்ததைக் குறிப்பெழுதி வைத்தார்கள். தமிழர் கொட்டகைகளின் நிலைமை பற்றி வெளியுலகத்துக்குக் கிடைத்த முதல் நேர்ச்சாட்சியங்களில் அவையும் சேரும்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் மதிப்பீட்டின்படி இந்தப் பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளர் 80,000 முதல் 1,00,000 வரை. இரண்டு எண்களுக்கும் நடுவே 20,000 உயிர் இருக்கிறது. இப்படி ஒரு வித்தியாசம் கைதிகளின் கணக்கில் இல்லை.

*

1943 அக்டோபர் 17இல் கொன்கோயிதா என்ற இடத்தில் இரண்டு முனைகளும் சேர்ந்தன. 25ஆம் தேதி விழா. சி5631 புகைவிட்டுப் போனது.

பாதை முடிந்தால் வேலை முடிந்தது என்று நம்பியவர்களுக்கு அதுவும் ஏமாற்றம். எஞ்சினுக்கு விறகு வெட்ட ஆள் வேண்டும், சரிந்த கரையைச் சரிசெய்ய ஆள் வேண்டும், நேச நாட்டு விமானங்கள் குண்டுபோட்டு உடைத்த பாலத்தை மறுபடி கட்ட ஆள் வேண்டும். மூன்று மாதம் என்று போனவர்கள் இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு அங்கேயே கிடந்தார்கள். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்த பிறகும் அவர்களை ஊர்சேர்க்கக் கப்பலும் ரயிலும் உடனே கிடைக்கவில்லை. சேர்த்துவைத்த கூலியோடு வந்தவர்களுக்கு அந்தக் கூலியும் பயன்படவில்லை. ஜப்பான் அச்சிட்ட பத்து வெள்ளித் தாளில் வாழைமரப் படம் இருக்கும். வாழைமர நோட்டு என்று மக்கள் சொன்ன அந்தப் பணம் போர் முடிந்ததும் வெறும் காகிதமானது.

தோட்டங்களுக்குத் திரும்பியவர்களிடம் பெண்கள் வரிசையாக வந்து கேட்டார்கள். இன்ன ஊர்க்காரர், இன்ன கங்காணி ஆள், பார்த்தீர்களா? பார்த்தேன் என்று சொல்ல முடிந்தவர்கள் சிலர். எங்கே புதைத்தார்கள் என்று சொல்ல முடிந்தவர்கள் அதைவிடக் குறைவு. கணவன் இறந்தான் என்ற உறுதி இல்லாமலே தாலியோடு கிழவியானவர்கள் உண்டு.

*

சரணடைவுக்குச் சில வாரங்களுக்குள், 1945 செப்டம்பரில், நேச நாட்டுக் கல்லறைத் தேடல் குழு ஒன்று இந்தப் பாதை நெடுகப் போனது. பாதிரியார் ஹென்றி பாப் உட்பட முன்னாள் கைதிகளும், மொழிபெயர்ப்பாளராக நாகாசே தகாஷி என்ற ஜப்பானியரும் அதில் இருந்தார்கள். கைதிகள் உயிரைப் பணயம் வைத்துக் காகிதங்களைக் காத்திருந்தார்கள். யார், எந்த நாளில், எந்த முகாமில் இறந்தார், கல்லறை எங்கே என்று எழுதி, போத்தலிலும் மூங்கில் குழாயிலும் திணித்து, தோழனின் பிணத்தோடு சேர்த்துப் புதைத்துவைத்திருந்தார்கள். அந்தக் குறிப்புகளை வைத்து, 144 இடுகாடுகளில் 10,000க்கு மேற்பட்ட கல்லறைகளைக் குழு கண்டுபிடித்தது.

அங்கிருந்து எடுத்த உடல்களை மூன்று இடங்களில் அடக்கம் செய்தார்கள்: காஞ்சனாபுரி, சுங்காய், தன்பியூசயாத். காஞ்சனாபுரியில் மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள், வெட்டிவிட்ட புல்வெளியில் வரிசை வரிசையாக. அங்கே இரண்டு குழிகளில் 300 பேரின் சாம்பல் இருக்கிறது. பெரும்பாலும் 1943 மே, ஜூன் காலராவில் இறந்து எரிக்கப்பட்டவர்கள். சாம்பல் கலந்துவிட்டது, ஆனாலும் 300 பெயர்களும் மண்டபச் சுவரில் தனித்தனியே பொறித்திருக்கின்றன. வாயிலருகே இன்னொரு பலகையில், தாய்லாந்தின் முஸ்லிம் இடுகாடுகளில் புதைக்கப்பட்ட, கல்லறையைப் பராமரிக்க முடியாமல் போன, பிரிக்கப்படாத இந்தியாவின் படைவீரர்கள் 11 பேரின் பெயர்.

அதே மே, ஜூனில், அதே காலராவில், அதே விறகில் எரிந்த தமிழர்களுக்கு அந்த மண்டபத்தில் இடமில்லை. போர்க் கல்லறை ஆணையத்தின் வேலை படைவீரர்களுக்கானது; தோட்டக் கூலிகள் எந்தப் படைப் பட்டியலிலும் இல்லை. அவர்கள் பெயர்களை ஒருவரும் வேண்டுமென்றே அழித்ததாகச் சொல்ல வேண்டியதில்லை. எழுதியே வைக்காததை யாரும் தேடிப்போகவில்லை.

தேடாததன் விலை 1990இல் தெரிந்தது. காஞ்சனாபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வெளிவந்தன. ஆசியத் தொழிலாளர்களைக் கூட்டமாகத் தள்ளிய குழி அது.

*

உலகத்துக்கு இந்தப் பாதையை அறிமுகப்படுத்தியது ஒரு திரைப்படம். பியர் பூல் எழுதிய நாவலை வைத்து டேவிட் லீன் 1957இல் எடுத்த, குவாய் ஆற்றுப் பாலம் பற்றிய படம் ஏழு ஆஸ்கார் விருதுகளை வாங்கியது. இலங்கையில் கித்துல்கல என்ற ஊரில், களனி ஆற்றின்மேல் பாலம் கட்டிப் படமெடுத்தார்கள். திரையில் இருப்பது ஆங்கிலேய அதிகாரியின் மானமும் ஜப்பானிய அதிகாரியின் கோபமும். கூடை சுமந்த தோட்டத் தமிழன் அதில் இல்லை. சுற்றுலாப் பயணிகள் படத்தை நினைத்துக்கொண்டு தாமகான் வந்தார்கள். 1960களில் அங்கே ஓடும் மே குளோங் ஆற்றின் அந்தப் பகுதிக்கு குவாய் யாய் என்று பெயரே மாற்றிவிட்டார்கள்.

அதே பாலத்துக்கு அருகில் ஒரு ஜப்பானிய நினைவுத்தூண் இருக்கிறது. ரயில்வே படைப்பிரிவு 1944இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே எழுப்பியது. பல மொழிகளில் கல்வெட்டுகள். அவற்றில் தமிழும் உண்டு. அங்கே இறந்த தமிழர்களுக்குத் தமிழில் முதலில் கல் வைத்தது, அவர்களை அங்கே இழுத்துப்போன படைதான். அந்தக் கல்லிலும் பெயர்கள் இல்லை.

தமிழர் தாமாகச் சொல்லத் தொடங்கியது கதைவழியே. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்ற நாவலை எழுதினார், அ. ரெங்கசாமியும் இதே வரலாற்றை நாவலாக்கினார். தப்பிவந்தவர்கள் திண்ணையில் சொன்னதையெல்லாம் அச்சில் ஏற்றிய முதல் முயற்சிகளில் இவையும் உண்டு. பின்னர் மலேசியத் தமிழர் சிலர் ஓர் அமைப்பாகக் கூடி, உயிரோடிருந்த முதியவர்களைத் தேடிப்போய்ப் பேச்சைப் பதிவு செய்தார்கள். அவர்கள் முயற்சியில், காஞ்சனாபுரியின் ஒரு பௌத்த ஆலய வளாகத்தில், தொழிலாளர்களின் எலும்புகள் அடக்கமான இடத்துக்கு அருகில், அண்மை ஆண்டுகளில் ஒரு நடுகல் எழுந்தது.

நடுகல்லைத் தேர்ந்தெடுத்தது பொருத்தமான முடிவு. தொல்காப்பியம் கல் தேடுவது முதல் வாழ்த்துவது வரை நடுகல்லுக்கு முறை வகுத்திருக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த, கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்து நடுகல் ஒன்றில் தமிழ் பிராமி எழுத்தில் சில சொற்கள்தான் இருக்கின்றன. ஆனால் அந்தச் சில சொற்களுக்குள் இறந்தவன் பெயர் அந்தவன் என்பதும், கூடலூரில் நடந்த ஆநிரைச் சண்டை என்பதும் அடங்கிவிட்டன. ஆள் யார், எங்கே, எதற்காக. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஒரு மாட்டுச் சண்டையில் செத்தவனுக்கு இந்த மூன்றும் கிடைத்தன. 1943இல் இறந்தவர்களின் நடுகல்லில் இடமும் காரணமும் இருக்கின்றன. ஆயிரக்கணக்கில் வரவேண்டிய பெயர்கள் இன்னும் வரவில்லை.

அந்தப் பெயர்களைச் சேர்க்க வழி இல்லாமல் போய்விடவில்லை. சயாமுக்குப் போய் மீண்டவர்களில் இன்று உயிரோடு இருப்போர் மிக அரிது. அவர்கள் வாழ்ந்த தோட்டங்களில் பலவற்றில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, சில இடங்களில் வீட்டுமனையே வந்துவிட்டது. ஆனாலும் பேரன் பேத்திகளுக்குத் தாத்தாவின் பெயர் தெரியும். எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, தமிழ்நாட்டில் எந்த ஊரிலிருந்து கப்பலேறிய குடும்பம் என்பது பல வீடுகளில் இன்னும் நினைவில் இருக்கிறது. சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆற்காடு ஊர்களில், மலாயாவிலிருந்து கடிதம் நின்றுபோன ஆண்டு 1942 அல்லது 1943 என்று சொல்லக்கூடிய கிளைக் குடும்பங்களும் இருக்கும். இரண்டு கரையிலும் இந்தத் துண்டுச் செய்திகளைச் சேர்த்து, தோட்டம் தோட்டமாக ஒரு பட்டியல் போடும் வேலையைப் பல்கலைக்கழகங்களும் தமிழ் அமைப்புகளும் கூட்டாக எடுத்துச் செய்ய வேண்டும். கல்லறையைப் பராமரிக்க முடியாமல் போன 11 பேரின் பெயரை ஒரு படைப்பட்டியல் சுவரில் ஏற்றியது. தோட்டங்களின் பட்டியல் முழுமையாகாது; ஆனால் நோங் பிளாடுக்கிலிருந்து நாம் தோக் வரை இன்றும் ஓடும் அந்த ரயிலில் ஏறுகிற ஒரு மலேசியப் பேத்தி, தன் தாத்தாவின் பெயரை அந்தப் பட்டியலில் பார்க்க முடிய வேண்டும்.